ஷாலியாபின்: உலகம் சுற்றிய ஒரு பேஸ் குரல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபரா எனும் மேற்கத்திய இசை நாடகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இத்தாலியப் பாடகர் பவரொட்டியைப் போல உச்சத்தில் நின்று பாடும் டெனர் குரல்தான். பேஸ் எனப்படும் கீழ்ஸ்தாயிக் குரலை வைத்துக்கொண்டு மிலானிலிருந்து டோக்கியோ வரை அரங்குகளை நிரப்பியவர் ரஷ்யரான ஃபியோதர் ஷாலியாபின். ஓபராவுக்குப் புதியவர்கள் அவரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்த ஷாலியாபின்?

வோல்கா நதிக்கரை நகரமான கசானில் 1873 பிப்ரவரியில் பிறந்தவர். 1938 ஏப்ரலில் பாரிஸில் இறந்தார். தந்தை அரசு அலுவலகத்தில் காகிதங்களைப் படியெடுக்கும் எழுத்தர். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து வீட்டில் கைநீட்டுபவர். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையனைச் செருப்புத் தைப்பவரிடம் தொழில் கற்க அனுப்பினார்கள். அவனுக்கோ தேவாலயக் கோரஸில்தான் மனம் ஒட்டியது.

எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியும் அதே காலத்தில் கசானில் கூலி வேலை பார்த்தவர். இருவரும் ஒரே நாடகக் கொட்டகையின் கோரஸுக்குக் குரல் கொடுத்துப் பார்த்ததாகவும், கார்க்கியை எடுத்துக்கொண்டு ஷாலியாபினைத் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு. ஷாலியாபினே சொல்லிச் சிரித்த கதை. அப்போது அவருக்குக் குரல் உடையும் வயது.

பேஸ் குரல் எவ்வளவு கீழே போகும்?

நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் எளிது. ஒரு கட்டை சுருதியை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஓபரா பேஸ் பாடகர் மந்தர காந்தாரம் வரை இறங்குவார். மேலே தார காந்தாரம் வரை, சிலர் மத்தியமம் வரை ஏறுவார்கள். ஏறக்குறைய இரண்டு ஸ்தாயி. கர்நாடக சங்கீதத்தில் மந்தர பஞ்சமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ஆண் பாடகர்களைத் தினமும் கேட்கிறோம். அதிலிருந்து இரண்டு மூன்று சுரங்கள்தான் கீழே. ஆகவே இறங்குவது மட்டுமே அதிசயமில்லை.

பேஸ் குரலுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. அடிமட்டத்தில் கனமாக உருளும் குரல் ஒன்று. நீண்ட இசைவரிகளை இழைத்துப் பாடும் குரல் இன்னொன்று. சிரிப்பு வேடங்களுக்கான குரல் மற்றொன்று. ஷாலியாபின் இரண்டாவது வகை. ரஷ்யத் தேவாலயங்களில் ஷாலியாபினைவிடக் கீழே இறங்கும் பாடகர்கள் தாராளமாக இருந்தார்கள். அவர் குரலின் மேல்பகுதி, பேஸுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட பாரிடோன் குரலைப் போல வெளிச்சமாக இருந்தது, அதுதான் அவருடைய பலம்.

மைக் இல்லாமல் அவ்வளவு கீழே பாடினால் எப்படிக் கேட்கும்?

அதுதான் உண்மையான அதிசயம். ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குவிகிறது. அதற்கு மேலே போகப்போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் ஓபரா குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தனி எழுச்சி உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுந்த்பெரி 1970களில் இதை அளந்து விளக்கினார். பாடகர் குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தி, அதற்கு மேலுள்ள குறுகிய குழாய்ப் பகுதியை வேறொரு சிறு அறையாக ஒலிக்கச் செய்யும்போது இது பிறக்கிறது. அந்தப் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருப்பதால், எழுபது எண்பது வாத்தியங்களுக்கு நடுவிலும் ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. கத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கத்தியவர்கள் நாற்பது வயதில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஓபராவில் பேஸ் பாடகருக்கு என்ன வேலை?

காதலன் வேடம் டெனருக்குப் போய்விடும். பேஸ் பாடகருக்கு மிஞ்சுவது அரசன், பாதிரியார், கண்டிப்பான தகப்பன், சாத்தான், வேலைக்காரன். மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லில் சராஸ்த்ரோ, வெர்தியின் ‘தோன் கார்லோ’வில் மன்னன் பிலிப், குனோவின் ‘ஃபவுஸ்ட்’டில் மெஃபிஸ்டோஃபிலிஸ், ரோசினியின் ‘செவில் நகர நாவித’னில் வதந்தி பரப்பும் தோன் பாசிலியோ என்று நல்ல வேடங்கள் இல்லாமலில்லை. ஆனால் டிக்கெட் விற்பது டெனரும், பெண்களின் உச்சக் குரலான சொப்ரானோவும். சுவரொட்டியில் பேஸ் பாடகரின் பெயர் முதலில் வர ஆரம்பித்தது ஷாலியாபினால்தான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இசைக் கல்லூரியில் படித்தாரா?

இல்லை. 1890இல் ஊஃபா என்ற ஊரில் ஒரு சிறு நாடகக் குழுவில் கோரஸ் பாடகராகச் சேர்ந்தார். ஒருநாள் இன்னொருவர் வராமல் போனதால் மோன்யுஷ்கோவின் ‘ஹால்கா’ ஓபராவில் தனி வேடம் கிடைத்தது. பிறகு ஓர் உக்ரைனியப் பயணக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தார், பட்டினியும் கிடந்தார். 1892இல் திஃப்லிஸ், அதாவது இன்றைய ஜார்ஜியத் தலைநகரம் திபிலிசி, வந்து சேர்ந்து ரயில்வே கணக்கர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு உட்கார்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்தவர் திமித்ரி உசாதவ். மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில் டெனராகப் பாடி ஓய்வு பெற்றவர். பையனின் குரலைக் கேட்டுவிட்டு, காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். ஒரு மருந்துக்கடைக்காரரிடம் பேசி மாதம் பத்து ரூபிள் உதவிக்கும் ஏற்பாடு செய்தார். வீட்டில் சாப்பாடு போட்டார். உன்மேல் நாற்றம் அடிக்கிறது, என் மனைவி உள்ளாடையும் காலுறையும் தருவாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுத்தும் அனுப்பினார். முசோர்க்ஸ்கி என்ற இசையமைப்பாளரின் அருமையைக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. ஓராண்டு போல நீடித்த இந்தக் குருகுலம்தான் ஷாலியாபின் பெற்ற மொத்த முறைக்கல்வி.

அரசு அரங்கில் இடம் கிடைத்தும் ஏன் தனியார் குழுவுக்குப் போனார்?

1895இல் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். ஜாரின் அரங்கம், நிரந்தரச் சம்பளம், பெரும் கௌரவம். ஆனால் அங்கே எல்லாம் சட்டதிட்டப்படி. வேடம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டளையிட்டபடிதான் உடுக்க வேண்டும், நிற்க வேண்டும்.

அந்த நாட்களில் மாமோந்த் தால்ஸ்கி என்ற நாடக நடிகர் அவருக்கு ஒரு பெரிய உதவி செய்தார். தர்கோமீஷ்ஸ்கியின் ‘ருசால்கா’வில் மாவரைப்பவன் வேடம் சரியாக அமையவில்லை என்று ஷாலியாபின் புலம்ப, தால்ஸ்கி பாட்டை விட்டுவிட்டு வரிகளை வெறுமனே பேசிக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, தவறு குரலில் இல்லை, தொனியில் இருக்கிறது என்றார். சொந்த ஆலை வைத்திருக்கும் கண்ணியமான குடியானவன் மகளிடம் பேச வேண்டிய வரியை ஒரு சில்லறைக் கடைக்காரன் பேசுவதுபோலப் பேசுகிறாய் என்பது அவர் கருத்து. ஷாலியாபினின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடத்தின் விரிவுரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1896 கோடையில் நீஷ்னி நோவ்கரத் நகரில் பெரிய கண்காட்சி நடந்தபோது, ரயில்வே முதலாளியும் கலைப் புரவலருமான சவ்வா மாமந்தவின் குழுவில் பாடினார். அந்தக் குழுவில் ஈயோலா தோர்நாகி என்ற இத்தாலிய பாலே நடனக்காரி இருந்தார். சைக்கோவ்ஸ்கியின் ‘ஒனேகின்’ ஒத்திகையில் இளவரசன் கிரேமினின் பாட்டில், “ஒனேகின், வாள்மீது ஆணை, நான் தோர்நாகிமீது பித்தாகக் காதல் கொண்டிருக்கிறேன்” என்று வரியை மாற்றிப் பாடிவிட்டாராம். ரஷ்ய மொழி புரியாத தோர்நாகிக்கு, சுற்றியிருந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. மாமந்தவ் ஆண்டுக்கு 7,200 ரூபிள் தருகிறேன், மரீன்ஸ்கிக்குக் கட்ட வேண்டிய அபராதத்தில் பாதியை ஏற்கிறேன் என்றார். ஷாலியாபின் மாஸ்கோவுக்குப் போய்விட்டார். 1898இல் அவருக்கும் தோர்நாகிக்கும் திருமணம்.

மாமந்தவின் குழுவில் ஓவியர்கள் நிறைந்திருந்தார்கள்: கொரோவின், வ்ரூபெல், வாஸ்நெத்சோவ். வேடத்தின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஷாலியாபின் கற்றது இவர்களிடம். ஒப்பனையைக் கடைசி வரை அவரே போட்டுக்கொண்டார்.

போரிஸ் கதுனோவ் வேடம் ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

கதைச் சுருக்கம் முதலில். 1598 முதல் 1605 வரை ரஷ்யாவை ஆண்ட போரிஸ், அரியணைக்காகச் சிறுவன் இளவரசன் திமித்ரியைக் கொன்றவன் என்பது ஓபராவின் அடிப்படை. செத்த சிறுவன் மனசாட்சியாக வந்து அவனைத் தின்கிறான். முசோர்க்ஸ்கியின் படைப்பு 1874இல் முதலில் மேடையேறியது. அவர் இறந்த பிறகு ரிம்ஸ்கி-கோர்சகவ் அதைச் செப்பனிட்டு 1896இல் புதிய வடிவம் கொடுத்தார். ஷாலியாபின் பாடியது இந்த வடிவம்.

இவ்வளவு பெரிய ஓபராவில் போரிஸ் வருவதோ சில காட்சிகள்தான்: முடிசூட்டு விழா, அரண்மனை அறை, சாவு. மீதி நேரம் மேடையை ஆள்வது மக்கள் கூட்டம். அந்த மூன்று காட்சிகளுக்காக 1898 கோடை முழுவதையும் ஷாலியாபின் செலவிட்டார். அப்போது மாமந்தவின் குழுவில் இசைக்குழு நடத்துனராக இருந்த இளைஞர் செர்கேய் ரக்மானினவ் பியானோவில் உட்கார்ந்து, போரிஸின் பகுதியை மட்டுமல்ல, ஓபரா முழுவதையும் எல்லா வேடங்களோடும் சொல்லிக்கொடுத்தார். வரலாற்றறிஞர் வசீலி கிளுச்செவ்ஸ்கி பக்கத்தில்தான் தங்கியிருந்தார். அவரோடு காட்டில் நடக்கப் போனார். கிழவர் திடீரென்று நின்று, சூழ்ச்சிக்காரன் ஷூய்ஸ்கியாகவும் மன்னன் போரிஸாகவும் மாறி மாறிப் பேசிக் காட்டினாராம். ஷூய்ஸ்கியை அவரே மேடையில் நடிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஷாலியாபின் பின்னாளில் எழுதினார்.

அந்த ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவில் முதல் போரிஸ். மேடையில் சிறுவனின் ஆவி என்று எதுவும் வராது. மூலையைப் பார்க்கும் பாடகரின் கண்ணும், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் தடுமாறும் குரலும்தான். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிப்புக்கு இலக்கணம் வகுத்தபோது ஷாலியாபினை முன்மாதிரியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் இப்படிப்பட்ட காட்சிகள்.

வெளிநாட்டில் முதலில் எங்கே பாடினார்?

மிலானின் லா ஸ்காலா, 1901 மார்ச். அழைப்புத் தந்தி வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தார். நிஜம் என்று தெரிந்ததும், மறுத்துவிடட்டும் என்ற எண்ணத்தோடு பத்து நிகழ்ச்சிகளுக்கு 15,000 ஃபிராங்க் கேட்டார். ஒப்புக்கொண்டார்கள்!

வேடம், போய்ட்டோவின் ‘மெஃபிஸ்டோஃபெலே’யில் சாத்தான். இதே அரங்கில் 1868இல் கூச்சலுக்கிடையே தோற்ற ஓபரா அது. இசையமைப்பாளர் உயிரோடிருந்தார், மிலானிலேயே இருந்தார். சாத்தான் வலைவிரிக்கும் அறிஞன் ஃபவுஸ்ட்டாக இளம் டெனர் கருசோ, நடத்துனர் டோஸ்கனினி. இத்தாலியர்களுக்கு ஒரு ரஷ்யன் வந்து இத்தாலியப் பாட்டுப் பாடுவது, நம்மூர் சபா மேடையில் வெளிநாட்டார் பல்லவி பாட வருவது போன்ற விஷயம். முந்தைய கோடையிலேயே ஜெனோவாவுக்கு அருகில் வராட்சேயில் போய்த் தங்கி, ரக்மானினவையும் கூட்டிவைத்துக்கொண்டு பாடம் செய்திருந்தார்.

ஒத்திகையில் வழக்கப்படி அரைக்குரலில் பாட, டோஸ்கனினி நிறுத்தினார். நிகழ்ச்சியிலும் இப்படித்தான் பாடப் போகிறீர்களா என்று கேட்டார். நான் ரஷ்யாவுக்கு வந்ததில்லை, உங்களைக் கேட்டதில்லை, முழுக்குரலில் பாடிக் காட்டுங்கள் என்றார். பாடிக் காட்டியதும் மனிதர் சமாதானமானார்.

அங்கே இன்னொரு தொல்லை, கிளாக் எனப்படும் கூலிக் கைதட்டல் கும்பல். காசு கொடுத்தால் கைதட்டு, இல்லையேல் சீட்டி. வீடு தேடி வந்தவர்களை ஷாலியாபின் விரட்டிவிட்டார். எனவே முதல் இரவில் அரங்கமே என்ன நடக்குமோ என்று காத்திருந்தது. வானுலகக் காட்சியில் வெறும் தோளும் கையுமாகச் சாத்தான் வந்து பாடி முடித்தான், கரவொலி எழுந்தது, சீட்டியடிக்க வந்தவர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

எல்லா ஊரிலும் வெற்றிதானா?

இல்லை. 1907 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் அதே சாத்தான் வேடத்தில் அறிமுகமானார். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். வெற்றுடம்போடு வந்தது ஆபாசம் என்றார்கள். தோன் பாசிலியோவை அழுக்கு அங்கியும் எண்ணெய் வழியும் முகமுமாக, மூக்கைச் சிந்திக் கையைத் துடைக்கும் பாதிரியாராக அவர் நடித்ததும் நாகரிகக் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. 1908 ஜனவரியில் குஸ்தாவ் மாலர் நடத்திய ‘தோன் ஜோவானி’யில் வேலைக்காரன் லெப்போரெல்லோவாகப் பாடினார், அதுவும் மதிப்பைக் கூட்டவில்லை. வெறுத்துப்போய்க் கிளம்பினார்.

திரும்பி வர 13 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1921 டிசம்பர் 9 அன்று அதே மெட்ரோபாலிட்டனில் போரிஸாக நின்றபோது நியூயார்க் தலைகீழாக மாறியிருந்தது. 1929 வரை அவர்தான் அங்கே பேஸ் பாடகர்களின் அரசர். மாறியது அவரா, ஊரா? என் பார்வையில், முதல் முறை அவர் கொண்டுபோனது அடுத்தவர் பண்டம். இரண்டாம் முறை கொண்டுபோனது சொந்தப் பண்டம்.

1908இல் பாரிஸில் என்ன நடந்தது?

கலை நிகழ்ச்சி அமைப்பாளர் செர்கேய் தியாகிலெவ் ரஷ்ய பாலேயைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஓராண்டு முன்பே ‘போரிஸ் கதுனோ’வை அவர் கொண்டுபோனார் என்பது பலருக்குத் தெரியாது. மாஸ்கோவிலிருந்து கோரஸ், கலோவினும் பெனுவாவும் வரைந்த காட்சித் திரைகள், பிலீபினின் ஆடை வடிவமைப்பு என்று ஒரு ரஷ்யாவையே பெட்டிகளில் ஏற்றினார்கள். 1908 மே 19 அன்று பாரிஸ் ஓபராவில் முதல் நிகழ்ச்சி, முழுவதும் ரஷ்ய மொழியில்.

அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் நடந்த கடைசி ஒத்திகையைப் பற்றி ஷாலியாபின் எழுதியிருக்கிறார். திரைகள் தயாராகவில்லை, ஆடையும் இல்லை. அன்றாட உடையில், ஒப்பனை இல்லாத முகத்தோடு, மனப்பிரமைக் காட்சியைப் பாடினார். மூலையில் அது என்ன, அசைகிறதே என்ற இடம் வந்தபோது, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பயந்துபோய் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் எழுந்தும் நின்றார்கள். அவர்களுக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. தால்ஸ்கி சொன்ன தொனிப் பாடம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எந்தெந்த மொழிகளில் பாடினார்?

ரஷ்யம், இத்தாலியம், பிரெஞ்சு. 1909இல் லா ஸ்காலாவில் போரிஸையே இத்தாலிய மொழியில் பாடினார். மான்டி கார்லோவில் 1910 பிப்ரவரியில், பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸ்னே அவருக்காகவே எழுதிய ‘தோன் கிஷோ’த்தின் (டான் குயிக்சாட்) முதல் நிகழ்ச்சி பிரெஞ்சில். 1920களின் மெட்ரோபாலிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை: மேடையில் எல்லோரும் இத்தாலியத்தில் பாட, போரிஸ் மட்டும் ரஷ்யத்தில் பதில் சொல்வார். இன்று இதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அன்று யாரும் புகார் சொல்லவில்லை.

லண்டனுக்கும் போனாரா?

1913, 1914 ஆண்டுகளில் ட்ரூரி லேன் அரங்கில், ஜோசப் பீச்சம் செலவில் நடந்த ரஷ்யப் பருவங்களில் பாடினார். ‘இளவரசன் ஈகர்’ ஓபராவில் கலீத்ஸ்கி, கான் கொன்ச்சாக் என்ற இரு வேடங்களையும் ஒரே இரவில் ஏற்றார். சம்பளத் தகராறில் கோரஸ் குழு ‘போரிஸ்’ ஓபராவின் முடிசூட்டுக் காட்சிக்கு வர மறுத்தபோது, ஷாலியாபின் ஒரு கோரஸ் பாடகரை அடித்துவிட, மொத்தக் கூட்டமும் அவர்மேல் பாய்ந்தது. மேடைத் தொழிலாளர்களான ஆங்கிலேயர்கள்தான் அரண் அமைத்துக் காப்பாற்றினார்கள். கோபம் அவருடைய நிரந்தரத் துணை. தாளம் தவறிய நடத்துனர்களை நிகழ்ச்சிக்கு நடுவிலேயே மேடையிலிருந்து காலால் தட்டித் திருத்தும் பழக்கமும் இருந்தது. மேதைமை என்று சொல்லி இதையெல்லாம் மன்னிப்பவர்கள் உண்டு. அந்தக் கோரஸ் பாடகர் மன்னித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

பணத்தாசை பிடித்தவர் என்கிறார்களே?

ஓசியில் பாடுவது பறவைகள் மட்டும்தான் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. கட்டணத்தில் கறார்தான். பட்டினி கிடந்தவனின் கறார். மறுபக்கம், முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்காக இரண்டு மருத்துவமனைகளைத் தன் செலவில் நடத்தினார். புரட்சிக்குப் பிந்தைய பஞ்சத்தில் பாட்டுக்குக் கூலியாக மாவும் சர்க்கரையும் வாங்கி வந்தார்.

ஜார் முன்னால் மண்டியிட்டது உண்மையா?

உண்மை. 1911 ஜனவரியில் மரீன்ஸ்கியில் ‘போரிஸ்’. ஜார் இரண்டாம் நிக்கலாய் வந்திருந்தார். ஓய்வூதியக் கோரிக்கை வைத்திருந்த கோரஸ் குழுவினர் திடீரென்று ஜாரின் இருக்கைப் பக்கம் திரும்பி மண்டியிட்டு அரசகீதம் பாடினார்கள். மேடையிலிருந்து வெளியேற வழியில்லாத அமைப்பு, ஷாலியாபினும் முழங்காலிட்டார். இடதுசாரி நண்பர்கள் கொதித்தார்கள். மார்க்சிய அறிஞர் பிளெகானவ், ஷாலியாபின் தந்த புகைப்படத்தைத் திருப்பி அனுப்பினார். கார்க்கியும் சில காலம் விலகியிருந்தார். வீட்டுக்கு வீடு வேறு வேறு விளக்கம் சொன்னதாக எதிரிகள் பேசினார்கள். கதவு இல்லாத மேடையில் அந்த ஒரு நிமிடத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதை அவர்கள் யாரும் சொல்லவில்லை.

பிறகு ஏன் ரஷ்யாவை விட்டுப் போனார்?

1918இல் புரட்சி அரசு அவருக்கு மக்கள் கலைஞர் பட்டம் கொடுத்தது. அதைப் பெற்ற முதலாமவர் அவர். ஆனாலும் வீட்டில் சோதனைகள், பொருள் பறிமுதல், கொடுத்த வாக்கு மறுநாள் மாறுதல். 1922 கோடையில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கென்று கிளம்பியவர் திரும்பவில்லை. பாரிஸில் குடியேறினார்.

1927இல் பாரிஸில் ஒரு தேவாலய முற்றத்தில் அகதிகளாகத் திரிந்த ரஷ்யக் குழந்தைகளைப் பார்த்து, அங்கிருந்த பாதிரியார் மூலம் 5,000 ஃபிராங்க் கொடுத்தார். புரட்சி அரசை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படையினருக்கு உதவினார் என்று மாஸ்கோ பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த ஆகஸ்டில் பட்டம் பறிக்கப்பட்டது. பறித்த ஆணை ரத்தானது 1991இல். அதற்கு முன்பே, 1984 அக்டோபரில், பாரிஸ் பத்தின்யோல் இடுகாட்டிலிருந்து உடல் எச்சங்களை எடுத்துப்போய் மாஸ்கோவின் நவதேவிச்சி இடுகாட்டில் புதைத்தார்கள். ஆள் வேண்டாம் என்ற அரசுக்கு எலும்பு வேண்டியிருந்தது.

ஆசியாவுக்கு வந்தாரா? ‘ஷாலியாபின் ஸ்டீக்’ என்பது என்ன?

1926இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1936இல் ஜப்பானும் சீனாவும். ஹார்பின், ஷாங்காய் நகரங்களில் அவரைக் கேட்க வந்தவர்களில் நாடிழந்த ரஷ்யர்கள் ஏராளம். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டலில் தங்கியிருந்தபோது பல்வலி. மென்மையான இறைச்சி வேண்டும் என்றார். சமையற்காரர் மாட்டிறைச்சியைத் தட்டி மெலிதாக்கி, வெங்காயத் துருவலில் ஊறவைத்து, வாட்டி, வதக்கிய வெங்காயத்தை மேலே பரப்பிக் கொடுத்தார். ஜப்பானிய உணவகங்களில் இன்றும் அந்தப் பெயரிலேயே பரிமாறுகிறார்கள். ஓபரா பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்கள் அவர் பெயரை உச்சரிப்பது சாப்பாட்டு மேசையில்தான்.

அவர் படத்தில் நடித்திருக்கிறாரா?

ஆஸ்திரிய இயக்குநர் பாப்ஸ்ட் 1933இல் எடுத்த ‘தோன் கிஷோத்’. பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என மூன்று வடிவங்களாக எடுத்தார்கள். பாடல்களை எழுத பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலையும் கேட்டிருந்தார்கள். அவர் நேரத்துக்கு முடிக்காததால் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான இபேரின் பாடல்கள் இடம்பெற்றன. அறுபது வயதில், ஒட்டிய கன்னத்தோடு, அந்த நெடிய உருவம் நடப்பதைப் பார்க்கவாவது இந்தப் படத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

பிள்ளைகளும் பாடகர்களா?

பெயர் பெற்றவர்கள் வேறு துறையில். மகன் பரீஸ் ஓவியர். அமெரிக்காவின் ‘டைம்’ இதழுக்கு நானூறுக்கும் மேற்பட்ட அட்டைப் படங்கள் வரைந்தார். தந்தையின் பெயரையே கொண்ட இன்னொரு மகன் திரைப்பட நடிகர். ‘ரோஜாவின் பெயர்’ படத்தில் கண் தெரியாத துறவியாக வருபவர் அவர்தான்.

அவருக்குப் பின் வந்த பேஸ் பாடகர்கள்?

பல்கேரியாவின் பரீஸ் கிறிஸ்தவ் நேரடி வாரிசு எனலாம். 1952இல் வெளியான ‘போரிஸ்’ ஒலிப்பதிவில் போரிஸ், பீமென், வர்லாம் என மூன்று பேஸ் வேடங்களையும் அவரே பாடினார். அதே நாட்டின் நிக்கலாய் கியாவுரவின் குரல் அழகு ஷாலியாபினைவிட அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் சொல்வேன். அழகான குரல் வேண்டுமென்றால் கியாவுரவ்; பயப்பட வேண்டுமென்றால் ஷாலியாபின்.

எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1900களின் தொடக்கத்திலேயே இசைத்தட்டுப் பதிவுகள் தொடங்கிவிட்டன. அவற்றில் கூம்புக்குள் பாடிய குரல் மெலிந்து கேட்கும். 1925க்குப் பின், மின்சார ஒலிவாங்கி வந்த பிறகான பதிவுகளே புதியவர்களுக்கு ஏற்றவை. முதலில் முசோர்க்ஸ்கியின் ‘தெள்ளுப்பூச்சிப் பாட்டு’. மன்னன் வளர்த்த தெள்ளுப்பூச்சியைப் பற்றிச் சாத்தான் பாடும் கேலிப்பாட்டு. நடுவில் வரும் சிரிப்பை மட்டும் எத்தனை வகையாகச் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து ‘வோல்கா படகோட்டிகள்’. அது தூரத்திலிருந்து வந்து, அருகே கடந்து, மீண்டும் தூரம் போவதாகப் பாடுவார். ஒலிப்பதிவாளர் கைவரிசை இல்லை, எல்லாம் மூச்சுக் கட்டுப்பாடு. இந்த இரண்டையும் 1936இல் டோக்கியோவிலும் பதிவு செய்தார். அவையே அவருடைய கடைசிப் பதிவுகள்.

மூன்றாவதாக, 1928 ஜூலை 4 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் நிகழ்ச்சியின்போதே பிடித்த ‘போரிஸ்’ பகுதிகள். இருமல், காலடி, திணறும் மூச்சு எல்லாம் பதிவில் இருக்கும். பாட்டுக்கான வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒருமுறை கேளுங்கள். பொருள் தெரிந்துகொண்டு கேட்பது இரண்டாம் முறைக்கு ஆகட்டும். பாரிஸ்காரர்களுக்கும் அன்று அப்படித்தான் வாய்த்தது.